எது முன், எது பின்? சார்காய்டோசிஸும் வளர்சிதை மாற்ற நோய்களும்

நுரையீரல் இடைத்திசு நோய்களைப் பற்றி இந்தியாவில் அடுத்தடுத்து இரண்டு பெரிய கணக்குகள் வெளியாயின. 27 மையங்களைச் சேர்ந்த 1,084 நோயாளிகளைக் கொண்ட தேசியப் பதிவேடு 2017ல் வந்தது. அதில் சார்காய்டோசிஸின் பங்கு 7.8 சதவீதம். மறு ஆண்டே சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் தன்னிடம் வந்த 803 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டது. அதில் சார்காய்டோசிஸின் பங்கு 42.2 சதவீதம். ஒரே நாடு, ஏறத்தாழ ஒரே காலம். ஆனால் வேறுபாடு ஐந்து மடங்குக்கு மேல்.

ஊருக்கு ஊர் நோய் இப்படிப் பெருகிச் சுருங்குவதில்லை. மூச்சுக்குழாய் வழியே ஊசி செலுத்தி நிணநீர்க் கணுவிலிருந்து திசு எடுக்கும் வசதி எங்கே இருக்கிறது, எந்த நோயாளி எந்த மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார், எக்ஸ்ரேயில் கணு பெருத்திருந்தால் அந்த மருத்துவருக்கு முதலில் எந்த நோய் நினைவுக்கு வருகிறது ஆகியவற்றைப் பொறுத்து எண்ணிக்கை மாறுகிறது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். சார்காய்டோசிஸைப் பொறுத்தவரை அகப்பை எவ்வளவு பெரியது என்று கேட்ட பிறகே சட்டியைப் பற்றிப் பேச முடியும்.

கடந்த இருபது ஆண்டுகளில் எழுந்திருக்கும் இன்னொரு கேள்விக்கு இந்த எச்சரிக்கை இன்னும் அதிகமாகப் பொருந்தும். உடற்பருமன், சர்க்கரை நோய், ரத்தத்தில் கால்சியம் மிகுதல் போன்ற வளர்சிதை மாற்றக் கோளாறுகளோடு சார்காய்டோசிஸுக்கு உறவு உண்டா என்பதே அது. உண்டு என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் 'உறவு' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று தனித்தனிச் செய்திகள் அடங்கியிருக்கின்றன: நோய் வருவதற்கு முன்பே உடலில் இருந்தவை, நோயே உண்டாக்குபவை, நோய்க்குக் கொடுக்கும் மருந்து உண்டாக்குபவை. காலவரிசைப்படி இவற்றைப் பிரித்துப் படித்தால் ஆய்வுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. சேர்த்துப் படித்தால் குழப்பமே மிஞ்சும்.

நோயின் முகம்

சார்காய்டோசிஸில் நோய் எதிர்ப்பு அணுக்கள் திரண்டு சிறுசிறு முடிச்சுகளாகின்றன. மருத்துவர்கள் இவற்றை கிரானுலோமா என்பார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால், நடுவில் மேக்ரோஃபேஜ் அணுக்கள் நெருங்கி அடுக்கப்பட்டிருக்கும். சில ஒன்றோடொன்று இணைந்து பல உட்கருக்கள் கொண்ட பேரணுக்களாகியிருக்கும். சுற்றிலும் டி அணுக்கள் வேலி கட்டியிருக்கும். காசநோயிலும் இதே போன்ற முடிச்சு உண்டு. ஆனால் காசநோய் முடிச்சின் நடுப்பகுதி பெரும்பாலும் அழுகிப் பாலாடைக் கட்டி போல ஆகிவிடும். சார்காய்டோசிஸ் முடிச்சு வழக்கமாக அப்படி அழுகுவதில்லை.

நுரையீரலும் அதன் வேரில் உள்ள நிணநீர்க் கணுக்களுமே முதன்மை இலக்கு. பத்து அமெரிக்க மையங்கள் சேர்ந்து நடத்திய 'ஆக்செஸ்' ஆய்வில் இடம்பெற்ற 736 நோயாளிகளில் 95 சதவீதம் பேருக்கு நுரையீரல் பாதிப்பு இருந்தது. கண், தோல், கல்லீரல், இதயம், நரம்பு என எந்த உறுப்பையும் நோய் தொடலாம். பலருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே தணிந்துவிடுகிறது. சிலருக்கு நுரையீரலில் தழும்பேறி மூச்சைச் சுருக்குகிறது. இதயத்தின் மின்கடத்தலைக் குலைத்தால் உயிருக்கே ஆபத்து.

மருத்துவ வரலாற்றில் பதிவான முதல் நோயாளியே இந்தக் கட்டுரையின் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் வந்தார். 1869ல் லண்டனில் ஜொனாதன் ஹட்சின்சனிடம் நிலக்கரித் துறையில் வேலை பார்த்த ஒருவர் வந்தார். கை கால்களில் ஊதா நிறத் தடிப்புகள் இருந்தன, வலி இல்லை. அவருக்கு கவுட் என்னும் யூரிக் அமில மூட்டு நோயும் இருந்ததால், தோல் தடிப்புகளையும் ஹட்சின்சன் அதன் கணக்கிலேயே சேர்த்தார். 1875ல் அந்த மனிதர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். இன்று படிப்பவருக்குச் சங்கிலி வேறு மாதிரியும் தெரியலாம். சார்காய்டோசிஸ் கால்சியத்தைக் கூட்டிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கெட்ட சிறுநீரகம் யூரிக் அமிலத்தைத் தேக்கும். எது முன், எது பின் என்ற கேள்வி அப்போதே இருந்திருக்கிறது.

எண்ணிக்கையின் பூகோளம்

நோயின் பரவலை நாடு முழுவதற்கும் நம்பகமாகச் சொல்லக்கூடிய சில நாடுகளில் ஸ்வீடன் முதலிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. மருத்துவமனைப் பதிவும் மருந்துக் கடைப் பதிவும் அந்த எண்ணில் சேர்கின்றன. அங்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 11.5 பேருக்குப் புதிதாக நோய் கண்டறியப்படுகிறது. நோயோடு வாழ்பவர்கள் லட்சத்துக்கு 160 பேர். மக்கள் நெருக்கம் குறைந்த வடபகுதிகளில் விகிதம் கூடுதல்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரே காப்பீட்டுத் திட்டத்தில் இருந்தவர்களிடையே 1990 முதல் 1994 வரை எடுத்த கணக்கு இன ரீதியான வேறுபாட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. கறுப்பினத்தவரில் லட்சத்துக்கு 35.5, வெள்ளையரில் 10.9. வாழ்நாள் முழுவதற்குமான வாய்ப்பு முறையே 2.4 சதவீதம், 0.85 சதவீதம். பின்னர் அமெரிக்கா முழுவதற்கும் காப்பீட்டுத் தரவுகளிலிருந்து எடுத்த கணக்கில் இந்த எண்கள் 17.8, 8.1 எனக் குறைந்தன. ஆசிய வம்சாவளியினருக்கு 3.2. எண்கள் மாறினாலும் வரிசை மாறவில்லை. கிழக்காசியாவில் நோய் அரிது; ஜப்பானில் 2004ஆம் ஆண்டுக் கணக்கு லட்சத்துக்கு ஏறத்தாழ 1 பேர். ஆனால் அங்கே கண்ணும் இதயமும் அதிகம் பாதிக்கப்படுகின்றன. எத்தனை பேருக்கு வருகிறது என்பதும், வந்தால் எந்த உறுப்பைப் பிடிக்கிறது என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பதற்கு ஜப்பானே சான்று.

இந்த எண்களிலும் அகப்பையின் பங்கு உண்டு. காசநோயைத் தேடி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பா நடத்திய பெருந்திரள் எக்ஸ்ரே முகாம்களில், எந்தத் தொந்தரவும் இல்லாத இளைஞர்களின் நெஞ்சில் இருபுறமும் கணுக்கள் பெருத்திருந்தது தெரியவந்தது. முகாம் நடந்த நாடுகளில் நோய் அதிகம் என்ற தோற்றம் உருவானது. நியூயார்க் தீயணைப்பு வீரர்களின் கதையையும் இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு வந்த முதல் ஆண்டில் அவர்களிடையே நோய் விகிதம் லட்சத்துக்கு 86 ஆனது. அதற்கு முன் 15. இடிபாடுகளின் புழுதியை மூச்சில் இழுத்தவர்களுக்குக் கூடுதல் மருத்துவப் பரிசோதனையும் நடந்தது. ஆனாலும் ஐந்தரை மடங்குக்கு மேலான உயர்வைப் பரிசோதனையின் கணக்கில் மட்டும் தள்ளிவிட முடியாது.

குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தவருக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு என்று ஆக்செஸ் ஆய்வு காட்டியது. எச்எல்ஏ மரபணுக்கள் சில நோயைத் தூண்டுகின்றன; டிஆர்பி1 03 என்னும் வகை உள்ள ஸ்காண்டிநேவியர்களுக்கு நோய் திடீரென வந்தாலும் பெரும்பாலும் நல்லபடியாகத் தீர்ந்துவிடுகிறது. புகை பிடிப்பவர்களுக்கு இந்த நோய் குறைவாக வருவது எல்லோரையும் வியக்க வைக்கும் இன்னொரு முடிவு. பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருப்பதால் இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. இதை நினைவில் வைத்துக்கொண்டால், உடல் எடையைப் பற்றிய ஆய்வுகளைப் படிக்கும்போது உதவும்.

காசநோயின் நிழலில்

இந்தியாவில் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மருத்துவமனைக் கணக்குகள். மக்கள்தொகையில் லட்சத்துக்கு இத்தனை பேர் என்று சொல்ல அவை போதா. ஒரு காலத்தில் இது வெள்ளையர் நோய் என்றும், வெப்ப நாடுகளில் அரிது என்றும் பாடப்புத்தகங்கள் எழுதின. கொல்கத்தா, தில்லி, சண்டிகர் ஆகிய ஊர்களின் நெஞ்சக நோய் மருத்துவர்கள் தேடத் தொடங்கியதும் நோயாளிகள் கிடைத்தார்கள். சென்னை சங்கர நேத்ராலயா போன்ற கண் மருத்துவமனைகள் கண்ணில் தொடங்கும் சார்காய்டோசிஸைப் பதிவு செய்தன.

மறைத்தது காசநோயின் நிழல். உலகில் 2023ல் காசநோய்க்கு ஆளான ஒரு கோடியே எட்டு லட்சம் பேரில் 26 சதவீதம் பேர் இந்தியர். இருமல், எடை குறைவு, கணு வீக்கம், பயாப்சியில் கிரானுலோமா என்று வந்தால் இங்கே எந்த மருத்துவரும் முதலில் காசநோயைத்தான் நினைப்பார், நினைக்கவும் வேண்டும். ஆறு மாதம் காசநோய் மருந்து சாப்பிட்டும் தீராமல், பிறகே சார்காய்டோசிஸ் என்று தெரிந்தவர்கள் ஏராளம். எதிர்த் திசையிலும் ஆபத்து உண்டு. காசநோயைச் சார்காய்டோசிஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி கட்டவிழ்ந்துவிடும்.

இந்த இடத்தில் மான்டூ சோதனை ஐரோப்பாவில் இருப்பதைவிட இந்தியாவில் அதிகம் பேசுகிறது. இந்தியாவில் வளர்ந்த பெரியவர்களில் பலருக்குக் கையில் அந்த ஊசி போட்டால் தடிப்பு வரும். காசநோய்க் கிருமியோடு ஏதோ ஒரு காலத்தில் அறிமுகம் நடந்திருக்கும். சார்காய்டோசிஸ் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தடிப்பு வருவதில்லை. கிரானுலோமா இருக்கிறது, மான்டூ வெறுமையாக இருக்கிறது என்றால் எடை சார்காய்டோசிஸ் பக்கம் சாய்கிறது.

சர்க்கரை நோய் இந்தச் சிக்கலை மேலும் இறுக்குகிறது. சென்னையை மையமாகக் கொண்டு நடந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு 2023ல் வெளியிட்ட கணக்கின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல்; சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடி, வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் பெரியவர்களில் 39.5 சதவீதம். சர்க்கரை நோய் இருந்தால் காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆக, ஒரு தமிழ்நாட்டு நோயாளியின் நெஞ்சில் கிரானுலோமா கண்டால், அவரது சர்க்கரை அளவு நோயறிதலையும் பாதிக்கிறது, சிகிச்சையையும் பாதிக்கிறது.

முன்: எடை

நோய் வருவதற்கு முந்தைய உடல் எடையை அளந்து வைத்திருந்த ஆய்வுகளே இந்தப் பகுதியில் மதிப்பு மிக்கவை. டென்மார்க்கின் தேசியப் பிறப்புக் குழுவில் 75,008 பெண்களிடம் கர்ப்பத்துக்கு முந்தைய எடை கேட்டுப் பதியப்பட்டது. பிறகு பல ஆண்டுகள் அவர்களைப் பதிவேடுகள் வழியாகத் தொடர்ந்தார்கள். இயல்பு எடை உள்ளவர்களோடு ஒப்பிட்டால், உடற்பருமன் இருந்தவர்களுக்குச் சார்காய்டோசிஸ் வரும் வாய்ப்பு 3.6 மடங்கு. பல தன்னெதிர்ப்பு நோய்களை ஒன்றாக வைத்துப் பார்த்த அந்த ஆய்வில் பருமனோடு மிக வலுவாக இணைந்தவற்றுள் இதுவும் ஒன்று.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் நலனைப் பற்றி 1995ல் தொடங்கிய ஆய்வில் இந்த விகிதம் 1.42 மடங்கு. இளமையிலிருந்து அதிகம் எடை கூடியவர்களுக்கும் வாய்ப்பு கூடியது. செவிலியர்களைத் தொடர்ந்த இரண்டாம் பெரும் ஆய்வில் 1.74 மடங்கு. மினசோட்டாவின் ஓம்ஸ்டெட் மாவட்டத்தில் ஆண்களையும் சேர்த்து எடுத்த கணக்கில் 2.5 மடங்கு. நான்கும் ஒரே திசையைக் காட்டுகின்றன. அளவு மட்டும் 1.4 முதல் 3.6 வரை சிதறிக் கிடக்கிறது.

இதற்கு எதிராக எழக்கூடிய கேள்விகளில் மூன்று முக்கியமானவை. முதலாவது, நோயால் வரும் அசதியில் நடமாட்டம் குறைந்து எடை கூடியிருக்கலாமே? எடையை முன்பே பதிந்துவைத்த ஆய்வுகள் இந்த ஐயத்தைப் பெருமளவு தீர்க்கின்றன. இரண்டாவது, பருமனாக இருப்பவர் மூச்சு வாங்குகிறது என்று எக்ஸ்ரே எடுக்கப் போயிருக்கலாம். அமைதியாக இருந்த நோய் அங்கே தற்செயலாகக் கண்ணில் பட்டிருக்கலாம். இது இன்னும் தீராத ஐயம். மூன்றாவது, புகை பிடிப்பவர்கள் பொதுவாக ஒல்லி. அவர்களுக்கு இந்த நோயும் குறைவு. புகை பிடிக்காததன் விளைவு எடையின் கணக்கில் ஏறியிருக்கலாம். புகைப் பழக்கத்தைக் கணக்கில் கழித்த பிறகும் செவிலியர் ஆய்வில் எடையின் விளைவு நின்றது.

உயிரியல் விளக்கமும் வலுவற்றதன்று. கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்காக இருப்பதில்லை. லெப்டின் போன்ற ஹார்மோன்களையும் டிஎன்எஃப் போன்ற அழற்சிப் பொருள்களையும் சுரக்கிறது. கிரானுலோமா கட்டப்படுவதற்கு டிஎன்எஃப் இன்றியமையாதது. லெப்டின் டி அணுக்களை இதே நோய்க்குரிய திசையில் தள்ளுகிறது. பருமன் மட்டுமே நோயை உண்டாக்காது. எதிர்ப்புச் சக்தியின் தூண்டல் வாசலைக் கொஞ்சம் தாழ்த்துகிறது என்று சொல்வது சான்றுகளுக்குப் பொருந்தும்.

இந்தியருக்கு இந்த முடிவுகளைக் கொண்டுவரும்போது இரண்டு திருத்தங்கள் தேவை. மேற்சொன்னவற்றில் மூன்று ஆய்வுகள் பெண்களை மட்டுமே பார்த்தவை. மேலும் அவை 30 என்ற உடல் நிறைக் குறியீட்டைப் பருமனின் எல்லையாக வைத்தன. இந்தியர்களுக்கு 25 என்பதே எல்லை என்று நம் மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர். ஒல்லியான கை கால், தொந்தி வயிறு என்ற நம் உடலமைப்பில் குறியீட்டைவிட இடுப்பளவே உண்மையைச் சொல்லும்.

உள்ளே: கால்சியமும் ஒரு பொட்டலமும்

நோயே நேரடியாக வளர்சிதை மாற்றத்தைக் குலைக்கும் இடம் கால்சியம். சார்காய்டோசிஸில் ரத்தக் கால்சியம் உயர்வது 1939லேயே பதிவானது. ஆனால் காரணம் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகே விளங்கியது. வெயிலிலும் உணவிலும் கிடைக்கும் வைட்டமின் டி கல்லீரலில் ஒருமுறை மாறிச் சேமிப்பு வடிவமாகிறது. பிறகு சிறுநீரகத்தில் இரண்டாம் முறை மாறிச் செயல் வடிவமாகிறது. இரண்டாவது மாற்றத்தைப் பாராதைராய்டு ஹார்மோன் கட்டுக்குள் வைத்திருக்கும். 1981ல் சிறுநீரகமே இல்லாத ஒரு சார்காய்டோசிஸ் நோயாளியின் ரத்தத்தில் செயல் வடிவம் மிகுந்திருந்தது. சிறுநீரகத்துக்கு வெளியே யாரோ அதைத் தயாரிக்கிறார்கள் என்பது உறுதியானது. 1983ல் பதில் கிடைத்தது: நோயாளியின் நுரையீரலிலிருந்து எடுத்த மேக்ரோஃபேஜ்கள் ஆய்வுக்கூடத் தட்டிலேயே அந்த மாற்றத்தைச் செய்தன. கிரானுலோமா தானே ஒரு சிறு சிறுநீரக வேலையைச் செய்துகொண்டிருக்கிறது; ஆனால் ஹார்மோனின் கடிவாளம் அதற்குக் கிடையாது.

ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம் நோயாளிகளுக்கு ரத்தத்தில் கால்சியம் உயர்கிறது. சிறுநீரில் கால்சியம் மிகுவது அதைவிடப் பல மடங்கு அதிகம் பேருக்கு. சிலர் சிறுநீரகக் கல்லோடுதான் முதலில் மருத்துவரிடம் வருகிறார்கள். கோடையில் வெயிலில் அலைந்த பிறகு கால்சியம் உயர்வதும் உண்டு.

நம் ஊரில் இது எப்படி வழி தவறும் என்பதை ஒரு சோதனை அறிக்கையே காட்டும். அசதி, உடல் வலி என்று ஒருவர் போகிறார். ஆய்வுக்கூடம் வழக்கமாக அளப்பது சேமிப்பு வடிவத்தை. கிரானுலோமாக்கள் அதைச் செயல் வடிவமாக மாற்றிச் செலவழித்துவிடுவதால் அறிக்கையில் 'குறைவு' என்று வருகிறது. உடனே வாரம் ஒன்று என்று 60,000 யூனிட் பொட்டலம் எழுதப்படுகிறது. பாலில் கலந்து குடிக்கிறார். ஸ்டீராய்டு தொடங்கும்போது எலும்பைக் காக்கவென்று கால்சியம் மாத்திரையும் சேர்கிறது. கட்டுப்பாடற்ற ஆலைக்கு மூலப்பொருளை மூட்டை மூட்டையாக இறக்கியது போல் ஆகிவிடுகிறது. வாந்தி, மலச்சிக்கல், அதிகச் சிறுநீர், கிரியாட்டினின் உயர்வு என்று அடுத்த மாதம் அவர் திரும்புவார். இதைத் தவிர்க்க வழி எளிது: சார்காய்டோசிஸ் நோயாளிக்கு வைட்டமின் டி கொடுக்கும் முன் ரத்தக் கால்சியத்தையும், முடிந்தால் வைட்டமினின் இரண்டு வடிவங்களையும் அளக்க வேண்டும்.

உள்ளே நடக்கும் இன்னொரு கதை அண்மையது. அணுக்களுக்குள் எம்டார் என்றொரு உணரி இருக்கிறது. சர்க்கரை, அமினோ அமிலம், இன்சுலின் ஆகியவை தாராளமாக இருந்தால் அது விழித்து, வளர்ந்து பெருகு என்று அணுவுக்குக் கட்டளையிடும். வியன்னா ஆய்வாளர்கள் 2017ல் எலிகளின் மேக்ரோஃபேஜ்களில் இந்த உணரிக்கு இருந்த தடையை நீக்கினார்கள். எந்தக் கிருமியும் இல்லாமலே எலிகளின் உறுப்புகளில் கிரானுலோமாக்கள் தோன்றின. எம்டாரை அடக்கும் மருந்து கொடுத்ததும் அவை கரைந்தன. நோய் முற்றிய மனிதர்களின் திசுவிலும் இந்தப் பாதை விழித்திருந்தது. இதே குழு பின்னர் தோலைப் பாதித்த நாட்பட்ட சார்காய்டோசிஸுக்கு, அதே வகை மருந்தான சிரோலிமஸைக் கொடுத்துப் பார்த்தபோது, வாய் வழி உட்கொண்டவர்களில் பெரும்பாலோருக்குத் தோல் தடிப்பு தணிந்தது. அந்த ஆய்வு சிறியது. வழக்கமான சிகிச்சையாக அது மாறவில்லை. ஆனால் உணவு மிகுதியை உணரும் அதே பாதைதான் கிரானுலோமாவையும் தாங்கிப் பிடிக்கிறது என்ற செய்தி, எடையைப் பற்றிய மக்கள்தொகைக் கணக்குகளுக்கு அணுவின் அளவில் ஒரு விளக்கம் தருகிறது.

பின்: ஸ்டீராய்டின் விலை

சிகிச்சையின் முதுகெலும்பு இன்னமும் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு. மலிவு, வேகம், எங்கும் கிடைக்கும். அதன் விலை பிறகு தெரியும். ஸ்வீடன் பதிவேடுகளில் சார்காய்டோசிஸ் நோயாளிகளைத் தொடர்ந்த ஓர் ஆய்வு, தொடக்கத்தில் ஸ்டீராய்டு வாங்கியவர்களையும் வாங்காதவர்களையும் பிரித்தது. பொதுமக்களோடு ஒப்பிட்டால், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு 2.3 மடங்கு, எடுக்காதவர்களுக்கு 1.4 மடங்கு.

2.3 என்ற எண் யாரையும் வியக்க வைக்காது. ஸ்டீராய்டு கல்லீரலைச் சர்க்கரை சுரக்கத் தூண்டுகிறது; தசையில் இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது; பசியைக் கிளப்பி எடையைக் கூட்டுகிறது. ஆராயத் தக்கது 1.4. மருந்தே எடுக்காதவருக்கும் சர்க்கரை ஏன் கூடுகிறது? முன்பே சொன்ன பருமன் ஒரு காரணமாக இருக்கலாம். இத்தகைய பதிவேடுகளில் உடல் எடை பொதுவாக இருப்பதில்லை. நீடித்த அழற்சியும் டிஎன்எஃப்பும் இன்சுலினை எதிர்ப்பது இன்னொன்று. அடிக்கடி மருத்துவரைப் பார்ப்பவருக்கு அடிக்கடி ரத்தச் சோதனை நடப்பது மூன்றாவது. மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்தே 1.4 ஆகிறது என்று எடுத்துக்கொள்வது நியாயம். அதை மட்டும் வைத்துச் சார்காய்டோசிஸ் சர்க்கரை நோயை உண்டாக்குகிறது என்று தலைப்பிடுவது அவசரம்.

மரணக் கணக்கையும் இதே போலப் பிரித்துப் படிக்க வேண்டும். அதே ஸ்வீடனில், நோய் தெரிந்த சமயத்தில் சிகிச்சை தேவைப்பட்டவர்களின் இறப்பு விகிதம் பொதுமக்களைப் போல 2.3 மடங்கு, தேவைப்படாதவர்களுக்குப் பொதுமக்களிடமிருந்து பெரிய வேறுபாடு இல்லை. மருந்து கொல்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நோய் கடுமையாக இருந்தவர்களுக்கே மருந்து கொடுக்கப்பட்டது. சர்க்கரை விஷயத்தில் மருந்தின் பங்கு நேரடியானது. மரணத்தில் நோயின் கடுமையும் மருந்தின் தீங்கும் பின்னிக் கிடக்கின்றன.

ஸ்டீராய்டுச் சர்க்கரைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. காலை உணவுக்குப் பிறகு மாத்திரை போட்டவருக்குப் பிற்பகலிலும் மாலையிலும் சர்க்கரை ஏறும். இரவில் இறங்கி விடியலில் இயல்பாகத் தெரியலாம். நம் வழக்கமோ காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுப்பது. 105 என்று வரும் அறிக்கையைப் பார்த்து நிம்மதியாகத் திரும்புபவருக்கு, அன்று மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் 250 காட்டக்கூடும். ஸ்டீராய்டு எடுப்பவருக்கு மதிய உணவுக்குப் பிந்தைய அளவைக் கேட்காத சோதனை அரைச் சோதனைதான்.

இந்த விலையைக் குறைக்கும் முயற்சியில் இரண்டு ஆய்வுகள் கவனத்துக்குரியவை. சண்டிகரில் நடந்த சார்கார்ட் ஆய்வு 86 நோயாளிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து, தொடக்க அளவாக 40 மில்லிகிராம் பிரெட்னிசோலோனையும் 20 மில்லிகிராமையும் ஒப்பிட்டது. 18 மாத முடிவில் நோய் திரும்புவதிலோ சிகிச்சை தோற்பதிலோ அதிக அளவு மேலானதாக இல்லை. 2025ல் வெளியான நெதர்லாந்தின் ப்ரெட்மெத் ஆய்வு 138 பேரில், முதல் மருந்தாகவே ஸ்டீராய்டுக்குப் பதில் மெத்தோட்ரெக்சேட்டைக் கொடுத்துப் பார்த்தது. 24 வாரத்தில் நுரையீரல் கொள்ளளவு முன்னேற்றத்தில் மெத்தோட்ரெக்சேட் பின்தங்கவில்லை. எடை கூடுவது ஸ்டீராய்டு பக்கம் அதிகமாக இருந்தது. மெத்தோட்ரெக்சேட்டுக்குக் கல்லீரலும் ரத்த அணுக்களும் அடிக்கடி சோதிக்கப்பட வேண்டும், கர்ப்பத்தில் கூடாது. எனினும் சர்க்கரை நோயோடு வருபவருக்கு முதல் நாளிலேயே எடுத்து வைக்கக்கூடிய மாற்று அது.

பிரித்துப் படித்தால்

மூன்று நிலைகளையும் சேர்த்துத் தொகுத்தால் படம் இதுதான். பருமன் சார்காய்டோசிஸுக்கு முன்னே நிற்கிறது. வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதற்குச் சான்று ஓரளவு வலுவானது. கால்சியக் கோளாறு நோயின் உள்ளிருந்தே வருகிறது, இதில் ஐயமில்லை. சர்க்கரை நோய் பெரும்பாலும் மருந்துக்குப் பின் வருகிறது. மருந்து இல்லாமல் வரும் சிறு பங்குக்கு முன்னிருந்த பருமனும் அழற்சியும் பங்காளிகள். மூன்றுக்கும் வேண்டிய செயல் வெவ்வேறு. முதலாவதற்கு மக்கள் அளவிலான எடைக் கட்டுப்பாடு, இரண்டாவதற்கு வைட்டமின் டியில் நிதானம், மூன்றாவதற்குக் குறைந்த அளவு ஸ்டீராய்டும் சரியான நேரத்துச் சோதனையும்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேட இந்தியாவைவிட நல்ல களம் இல்லை. கிரானுலோமாவுக்குக் காரணமான காசநோயும், ஸ்டீராய்டைச் சிக்கலாக்கும் சர்க்கரை நோயும், பருமனின் புதிய அலையும் இங்கே ஒரே மனிதரிடம் சந்திக்கின்றன. ஸ்வீடனைப் போல எல்லாப் பதிவேடுகளையும் ஒரே எண்ணில் இணைக்கும் ஏற்பாட்டுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. நெஞ்சக நோய்ப் பிரிவுள்ள மருத்துவக் கல்லூரிகள் ஒவ்வொரு சார்காய்டோசிஸ் நோயாளிக்கும் ஒரே வரியில் சில விவரங்களைத் தேதியோடு எழுதினால் போதும்: நோய் தெரியும் முன் இருந்த எடை, இடுப்புச் சுற்றளவு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ரத்தக் கால்சியம், மான்டூ முடிவு, காசநோய் மருந்து எடுத்த காலம், ஸ்டீராய்டு தொடங்கிய நாள், அதன் அளவு. இவை ஸ்டீராய்டின் முதல் மாத்திரைக்கு முன்பே எழுதப்பட வேண்டும். அந்த ஒரு நாளைத் தவறவிட்டால், பத்து ஆண்டு கழித்து எவ்வளவு பெரிய கணினி வைத்தாலும் எது முன், எது பின் என்று பிரிக்க முடியாது.